கையிலே பிறந்த ஆறுதல்
வன்னி மக்களின் மனத்துயரும் கையழுத்த முறையின் வரலாறும்

மனித உடம்பின் உறுப்புகளுள் கையைப் போல் உழைப்பது பிறிதொன்றில்லை. வன்னி நிலத்தில் வாழ்வோர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. காடு வெட்டிக் கழனி ஆக்கியது கை. இரணைமடுக் குளக்கட்டிலே மண் சுமந்தது கை. முல்லைத்தீவுக் கரையிலே கரைவலை இழுத்தது கை. போர் முடிந்த பின்னர், மண்ணைச் சிறிது சிறிதாக வழித்துக் கண்ணிவெடி தேடியதும் நம் பெண்மக்களின் கையே.

உழைக்கும் கையே ஆற்றும் கையுமாகும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியிலே தாய் கை வைக்கிறாள். செத்த வீட்டிலே வார்த்தை வராதபோது ஒருவர் கையை மற்றொருவர் பற்றிக்கொள்கிறோம். தலையிடி என்றால், எவரும் சொல்லித் தராமலே நம் கை நம் நெற்றிப்பொட்டைத் தேடிச் செல்கின்றது. இத்தகைய இயல்பான செயலையே ஒரு முறையாக வகுத்து, உள்ளங்கையிலே இருதயம் இவ்விடம், ஈரல் அவ்விடம், சிறுநீரகம் உவ்விடம் என்று வர்ணப்படம் வரைந்து, அவ்விடங்களை அழுத்தினால் நோய் நீங்கும், மனம் அமைதியுறும் என்று சொல்லுகின்றார்கள். இதற்கு மேனாட்டார் இட்ட பெயர் றிஃப்ளெக்சோலொஜி. நாம் இதனைக் கையழுத்த முறை என்று வழங்குவோம்.

இம்முறை எங்கே பிறந்தது? நம் முன்னோர் கண்டது என்று சிலர் பெருமை பேசுவது பொருந்துமா? போரினாலும் கடலினாலும் துயில் இழந்த நம் வன்னி மக்களுக்கு இதனால் ஆவதென்ன, ஆகாததென்ன? இவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பயனுள்ள பொருளைப் பழமை என்று தள்ளுவதும் தவறு. பயனற்றதைப் பெருமைக்காகக் கொள்ளுவதும் தவறு. இரண்டிற்கும் நடுவே நின்று பார்ப்போம்.

கையின் பெருமை

ஒரு கையிலே 27 எலும்புகள் உள. உள்ளங்கையும் விரல்களும் அடங்கிய தோற்பரப்பிலே தொடுகையை உணரும் நரம்பு முனைகள் ஏறக்குறைய 17,000 உண்டென்று சுவீடன் தேசத்து ஆய்வாளர் கணித்தனர். கனடாவிலே வாழ்ந்த மூளைச் சத்திர வைத்தியர் பென்பீல்ட் என்பார், மூளையின் மேற்பரப்பை மின்னினால் மெல்லத் தூண்டி, உடம்பின் எவ்வுறுப்பு மூளையின் எவ்விடத்தில் ஆட்சி செலுத்துகின்றது என்று 1937ஆம் ஆண்டில் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதிலே முதுகும் வயிறும் கால்களும் சிறிய இடத்தை அடைந்திருக்க, கையும் முகமும் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. கையைத் தொடுதல் மூளையின் பெரியதொரு வாயிலைத் தட்டுதல் போன்றது என்பது இதனாற் புலப்படும்.

புறங்கையிலும் முன்கையிலும் வேறொரு வகையான மெல்லிய நரம்புகளும் உள. மெதுவாகவும் இதமாகவும் வருடும்போதே அவை நன்கு விழித்தெழுகின்றன. வேகமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. தாய் பிள்ளையை வருடும் வேகமே அவற்றிற்கு உகந்த வேகம். வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு உணரும் வழியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆடெம் பட்டபூட்டியன் என்னும் இருவருக்கும் 2021ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொடுகை என்பது சிறிய விஷயமன்று என்பதனை உலகம் இன்றுதான் நுணுகிக் கற்கின்றது.

நம் முன்னோர் கண்டவை

தமிழர் மருத்துவமாகிய சித்தவைத்தியத்திலே கை இரண்டு வகையிற் பேசப்படுகின்றது. ஒன்று நோயை அறியும் கை. வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்க்கின்றார். சுட்டுவிரலிலே வாதமும், நடுவிரலிலே பித்தமும், மோதிரவிரலிலே கபமும் உணரப்படும் என்பது அவர்களின் கொள்கை. மற்றையது நோயைத் தணிக்கும் கை. புறமருத்துவம் முப்பத்திரண்டினுள் தொக்கணம் என்பது ஒன்று. உடம்பைப் பிடித்துவிடும் இக்கலையைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக வகுத்தனர். தென்பாண்டி நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் வளர்ந்த வர்மக்கலையோ உடம்பிலே 108 நிலைகளைக் கூறும். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம்.

வன்னியிலே ஆஸ்பத்திரிகள் அருகியிருந்த காலத்தில் ஊர்ப் பரிகாரிமாரே மக்களுக்குத் துணை. விஷகடி பார்ப்போர், முறிவு நெரிவு பார்ப்போர், பிள்ளைப்பேற்றுத் தாயைப் பேணும் மருத்துவிச்சிமார் என்று பலதிறத்தார் ஊர்தோறும் இருந்தனர். நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் சூடாக்கித் தடவிப் பிடித்துவிடுதல் அவர்தம் அன்றாடத் தொழில். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்தவைத்தியத்தையும் தன்னுள் அடக்கி அதற்கு இடமளித்தது. 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்தமருத்துவக் கல்வி தொடங்கிற்று.

மருத்துவத்துக்குப் புறம்பாகச் சமயவாழ்விலும் கைக்குப் பெரிய இடம் உண்டு. பூசைக்கு முன்னே குருக்கள் கரநியாசம் செய்வதைக் கோயிலிலே பலரும் பார்த்திருப்பர். அங்குட்டம் முதல் கனிட்டிகை ஈறாக ஒவ்வொரு விரலையும் மந்திரத்துடன் தொட்டு, கையைத் தூய்மை செய்த பின்னரே பூசை தொடங்கும். ஜெபமாலை இல்லாதவர்கள் பெருவிரலால் மற்றை விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டெண்ணி ஜெபிப்பர். பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் திண்ணையில் இருந்து உதடு அசைய விரற்கணு எண்ணும் முதியோரை நம் ஊர்களில் இன்றும் காணலாம். ஓரிடத்தில் மெல்லிய அழுத்தம், ஒழுங்கான எண்ணிக்கை, தாழ்ந்த மூச்சு, ஒரே நாமம். இந்நான்கும் சேர்ந்தால் மனம் ஒடுங்குகின்றது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தனர்.

இவற்றைக் கொண்டு, உள்ளங்கை வரைபட முறை நம்முடையதே என்று கூறிவிடலாமா? கூறலாகாது. தொக்கணம் உடம்பு முழுவதற்கும் உரியது. வர்மம் வேறொரு கணக்குடையது. கரநியாசம் வழிபாட்டின் அங்கம். உள்ளங்கையின் ஒரு புள்ளி ஈரலை ஆளும் என்னும் கொள்கை இவற்றின் வழி வந்ததன்று. அது பிறந்த இடம் வேறு.

மேனாட்டில் எழுந்த முறை

இம்முறைக்குப் பெரும்பழமை காட்ட விரும்புவோர் எகிப்துக்குச் செல்வர். சக்காரா என்னும் இடத்திலுள்ள அங்மாஹோர் என்பவரின் கல்லறைச் சுவரிலே, கி.மு. 2300 அளவில் செதுக்கிய சித்திரமொன்று உண்டு. ஒருவர் மற்றவரின் கையையும் காலையும் பிடித்து ஏதோ செய்கின்றார். அது கையழுத்த மருத்துவம் என்பர் சிலர். நகந்திருத்தும் காட்சி என்பர் சிலர். சத்திரசிகிச்சை என்பர் வேறு சிலர். ஒரு சித்திரத்தை வைத்து நாலாயிரம் ஆண்டுக்கு ஒரு மருத்துவ மரபைக் கட்டியெழுப்புதல் மணலில் மாளிகை கட்டுவது போலாகும்.

உறுதியான சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகின்றது. இலண்டன் நகரத்து நரம்பியல் வைத்தியர் ஹென்றி ஹெட் என்பார், உள்ளுறுப்பு ஒன்று நோயுறும்போது உடம்பின் வேறிடத்துத் தோலிலே நோவு தோன்றுவதை ஆராய்ந்து, 1893ஆம் ஆண்டு தொடக்கம் கட்டுரைகள் எழுதினார். இருதயநோய் உடையவர்க்கு இடக்கையிலே நோவு எடுப்பதை நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம். இது மெய்யான அறிவியல். உள்ளுறுப்பின் நரம்பும் தோலின் நரம்பும் முள்ளந்தண்டினுள்ளே ஒரே இடத்தில் வந்து கூடுவதால் மூளை மயங்குகின்றது. உள்ளிருந்து வெளியே நோவு தோன்றும் என்பதே ஹெட் கண்டது. வெளியே அழுத்தினால் உள்ளே நோய் மாறும் என்று அவர் கூறவில்லை.

அந்தப் பாய்ச்சலைச் செய்தவர் அமெரிக்காவின் ஹாட்பேட் நகரில் காது, மூக்கு, தொண்டை வைத்தியராயிருந்த வில்லியம் பிற்ஸ்ஜெரால்ட். உச்சந்தலை முதல் கைவிரல், கால்விரல் வரை உடம்பிலே நெடுக்கே பத்து வலயங்கள் ஓடுகின்றன. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. ஒரு வலயத்தின் விரலை அழுத்தினால் அவ்வலயத்திலுள்ள எந்த உறுப்பின் நோவும் தணியும் என்றார் அவர். விரல்களிலே இறப்பர் வளையங்களை இறுக்கினார். உடுப்புக் காயவிடும் கிளிப்புகளை மாட்டினார். சீப்பின் பற்களை உள்ளங்கையில் அழுத்திப் பிடிக்கச் செய்தார். எட்வின் பவேர்ஸ் என்பவருடன் சேர்ந்து 1917ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

அவர் வழியில் வந்த யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் 1930களிலே பாதத்தின் மீது கவனத்தைத் திருப்பினார். பாதம் மிகவும் கூருணர்வுடையது என்று கருதி, அதன்மீது உள்ளுறுப்புகளின் விரிவான படத்தை வரைந்து, 1938ஆம் ஆண்டில் நூலாக்கினார். இன்று கடைகளிலே விற்கும் பாதப்படங்களுக்கும் கைப்படங்களுக்கும் மூலம் அவருடைய வேலையே. பாதத்தைப் பிடித்துவிடப் பிறர் ஒருவர் வேண்டும். கையைத் தானே பிடித்துக்கொள்ளலாம். ஆகவே தன்னைத் தான் பேணுவோர்க்குக் கைமுறை உகந்ததாயிற்று.

கொரியா தேசத்திலும் இரண்டு முறைகள் எழுந்தன. யூ தே ஊ என்பவர் 1971ஆம் ஆண்டில் ஒரு கைமருத்துவ முறையை வகுத்தார். பின்னர் பார்க் ஜே ஊ என்பவர் சுஜோக் என்ற முறையைப் பரப்பினார். கொரிய மொழியில் சு என்றால் கை, ஜோக் என்றால் கால். இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலாமவரின் படத்திலே தலை நடுவிரலில் உள்ளது. பெருவிரலும் சின்னிவிரலும் கால்கள். இரண்டாமவரின் படத்திலே தலை பெருவிரலில் உள்ளது. நடுவிரலும் மோதிரவிரலும் கால்கள். ஒரே கையிலே இரண்டு படங்களும் மெய்யாயிருத்தல் எங்ஙனம்? ஆயினும் இருமுறையையும் கையாண்டோர் ஆறுதல் பெற்றதாகவே கூறுகின்றனர். ஆறுதல் மெய்; அது படத்தினால் வந்ததா, தொடுகையால் வந்ததா என்பதே கேள்வி.

நரம்பை வெட்டிக்கொண்ட வைத்தியர்

மேலே கூறிய ஹென்றி ஹெட் அவர்களின் சரித்திரத்தில், கையையும் போரின் மனத்துயரையும் ஒருங்கே இணைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நரம்பு அறுந்தபின் உணர்வு எவ்வாறு திரும்புகின்றது என்பதை நோயாளிகள் செவ்வையாக விபரிக்க முடியாமையைக் கண்டு, 1903ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே தம் இடக்கையின் நரம்பொன்றைத் தாமே சத்திரவைத்தியரைக் கொண்டு வெட்டுவித்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அக்கையை ஊசியாலும் பஞ்சாலும் சூட்டாலும் குளிராலும் சோதித்துக் குறித்தவர் றிவேர்ஸ் என்னும் அவருடைய நண்பர். அவர்கள் கட்டிய கொள்கையைப் பின்வந்தோர் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனினும் அறிவுக்காகத் தம் கையையே கொடுத்த துணிவை உலகம் மறக்கவில்லை.

இந்த றிவேர்ஸ் தமிழகத்துக்கும் அறிமுகமானவர். நீலகிரி மலையில் வாழும் தோடர்களுடன் பழகி, அவர்களின் வாழ்க்கையைப் பற்றி 1906ஆம் ஆண்டில் நூல் எழுதியவர் அவரே. முதலாம் உலகப்போர் மூண்டபோது, பீரங்கி வெடியிலே மனம் உடைந்த படையினரை 1916, 1917ஆம் ஆண்டுகளில் ஸ்கொத்லாந்தின் கிறெய்க்லொக்காட் ஆஸ்பத்திரியில் அவர் பராமரித்தார். நடந்ததை மறந்துவிடு, பேசாதே, ஆண்மையுடன் இரு என்று அக்காலத்தில் எல்லாரும் அப்படையினருக்குப் புத்தி சொன்னார்கள். றிவேர்ஸ் அதற்கு மாறாக, நினைவை அடக்கி வைப்பதே நோயை வளர்க்கின்றது என்று கண்டு, பொறுமையுடன் அவர்களைப் பேசவைத்தார். நூறாண்டு கழிந்து வன்னியிலே எழுந்த கேள்விக்கும் இது ஒரு முன்னுரையாய் அமைந்தது.

வன்னியின் வடு

வன்னி பட்ட பாட்டை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. 1995இல் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச்சென்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியாப் பகுதி முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுள் பெரியது செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம். அது 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் மூடப்பட்டது.

கட்டிடங்கள் எழுந்துவிட்டன, வீதிகள் செப்பனிடப்பட்டன. மனத்தின் கதை வேறு. பட்டாசு வெடித்தால் திடுக்கிடும் தாய், இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசலைப் பார்க்கும் தகப்பன், எக்ஸ்றேயில் ஒரு குறையும் இல்லாமலே உடம்பெல்லாம் நோகுதென்று ஆஸ்பத்திரிக்கு அலையும் பெண் ஆகியோரை நம்மூர் எதிலும் காணலாம். நம்மவர் மனம் நோகுதென்று சொல்வது குறைவு. தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு என்றே சொல்வர். மனத்தின் பாரத்தை உடம்பு சுமக்கின்றது.

யாழ்ப்பாணத்து உளநோய் நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் மனவடுவைப் பற்றி 1998ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். வன்னியிலிருந்து தப்பிவந்த மக்களின் நிலையை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், தனி மனிதர் காயம்பட்டதோடு குடும்பமும் ஊரும் ஒருங்கே காயம்பட்டன என்பதை எடுத்துக்காட்டி, அதனைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். ஆகவே பரிகாரமும் குடும்பத்தையும் ஊரையும் தழுவியதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. மருந்தோடும் உளவளத்துணையோடும், மக்கள் ஏற்கெனவே அறிந்த ஜெபம், மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், எண்ணெய் தடவிப் பிடித்துவிடுதல் ஆகியவற்றையும் அவரும் அவருடன் உழைத்தோரும் கையாண்டனர். இந்துவுக்கு நாமஜெபம் போலக் கத்தோலிக்கருக்குச் செபமாலையும், இஸ்லாமியருக்கு அவர்தம் தியானமொழியும் அதே பணியைச் செய்யும் என்று கண்டனர். திண்ணையில் விரற்கணு எண்ணிய மூதாட்டியின் வழக்கம் இவ்வாறு வைத்தியசாலையிலே மதிப்புப் பெற்றது.

பிள்ளைகளிடத்தே ஒரு சோதனை

ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய உளவியலாளர்கள் வடகிழக்கிலே ஆசிரியர்களைத் தெரிந்து பயிற்றி, அவர்களைக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் 420 பேரை விசாரித்தனர். அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தனர்; நால்வருள் ஒருவர் மனவடு நோயின் இலக்கணங்களை உடையவராயிருந்தனர். அத்தகைய பிள்ளைகளின் ஞாபகசக்தியும் படிப்பும் குன்றியிருந்தன. வகுப்பிலே மந்தமான பிள்ளை என்று நாம் ஏசிய பிள்ளை உண்மையில் என்ன சுமந்து வந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

ஆழிப்பேரலை நிகழ்ந்து சில வாரங்களுள், வடகிழக்கின் அகதி முகாமொன்றிலே அவர்கள் மேலும் ஒரு சோதனை செய்தனர். மனவடு அறிகுறிகள் கண்ட 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து கடைசிவரை, பயங்கரத்தையும் விடாமல், உளவளத்துணையாளரிடம் சொல்லினர். இது றிவேர்ஸ் காட்டிய வழியின் வளர்ச்சி எனலாம். மற்றைக் குழுவினர் மூச்சுப்பயிற்சி, மந்திரம், தியானம், உடம்பைத் தளர்த்தும் பயிற்சி ஆகியவற்றைக் கற்றனர். இருசாராருக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் உள்ளூரிற் பயிற்சி பெற்றவர்களே. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, கதை சொன்னோருள் நூற்றுக்கு 81 பேரும், தியானமும் தளர்ச்சியும் பயின்றோருள் நூற்றுக்கு 71 பேரும் நோயினின்று நீங்கியிருந்தனர். 2009ஆம் ஆண்டில் இம்முடிவு அச்சேறியது.

இதனை அளவோடு கொள்ளுதல் முறை. 31 பிள்ளைகள் சிறுதொகை. ஒன்றும் செய்யாது விடப்பட்ட மூன்றாங் குழு ஒன்று இல்லாமையால், காலத்தினால் தாமே தேறியோர் எத்தனை பேர் என்று கணக்கிட முடியாது. ஆயினும் நம் மண்ணிலே, நம் மொழியிலே, நம் ஆசிரியர் கையினாலே, எளிய பயிற்சியைக்கொண்டு பிள்ளைகளுக்குத் துணைசெய்யலாம் என்பது தெரிந்தது. கையழுத்தம் அச்சோதனையில் இடம்பெறவில்லை. அதன் இனமான தளர்ச்சிப் பயிற்சி இடம்பெற்றது. அமெரிக்க வைத்தியர் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டில் நூலாக்கிய தசைதளர்த்தும் முறையும் கையை இறுக்கித் தளர்த்துவதிலிருந்தே தொடங்குவது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மெய்யும் பொய்யும்

இனி வரைபடத்துக்கு வருவோம். உள்ளங்கைப் புள்ளியை அழுத்தினால் தூரத்து உறுப்பின் நோய் மாறுமா? இங்கிலாந்தின் பேராசிரியர் எட்சாட் ஏர்ன்ஸ்ற், றிஃப்ளெக்சோலொஜி பற்றி முறைப்படி நடந்த 18 சோதனைகளைத் தொகுத்து 2009ஆம் ஆண்டிலும், 23 சோதனைகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டிலும் ஆராய்ந்தார். எந்த நோயையும் இது மாற்றும் என்பதற்குத் தக்க சான்றில்லை என்பதே இருமுறையும் அவர் கண்ட முடிவு. குறித்த புள்ளியை அழுத்தியவர்களையும், வேறிடத்தை வெறுமனே பிடித்துவிடப்பட்டவர்களையும் ஒப்பிட்ட பல சோதனைகளில் இருவர்க்கும் பெரிய வேறுபாடில்லை.

இதன் பொருள் தெளிவு. சலரோகத்தைக் கை அழுத்தி மாற்றலாம், பிரஷரை விரல் பிடித்து நிறுத்தலாம், ஆகவே குளிசையை விடுங்கள் என்று எவரேனும் சொல்வாராயின், அவர் நம் பெற்றோரின் உயிரோடு விளையாடுகின்றார். படம் காட்டிப் பணம் பறிக்கும் வியாபாரம், இழந்தவற்றை மீண்டும் இழக்கச் செய்யும் கொடுமை. வன்னியிலே தனியாய்க் குடும்பம் சுமக்கும் தாயின் கைக்காசை இவ்வழியிற் போகவிடலாகாது.

அதேவேளை, ஒருவர் அமைதியாய் இருந்து கையைப் பிடித்துவிடும்போது மூச்சுத் தாழ்கின்றது, நெஞ்சுப் படபடப்புத் தணிகின்றது, தசை இளகுகின்றது. இது மெய். இதற்கு வரைபடம் வேண்டியதில்லை, கட்டணமும் வேண்டியதில்லை.

போரிலே கையை இழந்தோரின் நிலையையும் இங்கு மறத்தலாகாது. இல்லாத கையிலே நோவு எடுக்கின்றது என்று அவர்கள் சொன்னால் சிலர் நகைப்பர். அது மெய்யான நோவு. கையின் வரைபடம் மூளையில் அழியாமல் இருப்பதே காரணம். தமிழகத்திற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களிலே, கண்ணாடி ஒன்றை நிறுத்தி, உள்ள கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்திற் காணச்செய்து, அந்நோவைத் தணிக்கும் வழியொன்றைக் காட்டினார். செயற்கைக் கால் கை வழங்கும் ஜெய்ப்பூர் நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு தொடக்கம் பணியாற்றி வருகின்றது. அவர்க்கு அருகே இருந்து, எஞ்சிய கையையும் தோளையும் பிடித்துவிடுதலும் ஆறுதலே.

செய்யும் வகை

இரவு படுக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குக. கையைக் கழுவித் துடைத்து, சிறிது நல்லெண்ணெய் தடவி, இரு உள்ளங்கையையும் சூடேறத் தேய்த்துக்கொள்க. வலப்பெருவிரலால் இடவுள்ளங்கையின் நடுவை நோகாதபடி வட்டமாய் அழுத்துக; பின் பெருவிரலடிச் சதையை. அடுத்து ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை பிடித்து மெல்ல இழுத்து விடுக. புறங்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆறுதலாய் வருடுக. மூச்சை உள்ளிழுக்கும் நேரத்திலும் வெளிவிடும் நேரம் நீண்டிருக்கட்டும். விரும்புவோர் இட்டதெய்வத்தின் நாமத்தை விரற்கணு தோறும் எண்ணுக. பின் கையை மாற்றிச் செய்க. தனித்திருக்கும் முதியோர்க்குப் பேரப்பிள்ளைகள் இதனைச் செய்தல் மிகவும் நன்று. இருவரும் பேசிக்கொள்ள அது ஒரு வேளையுமாகும்.

புண், வீக்கம், முறிவு உள்ள கையைப் பிடித்தலாகாது. உள்ளே குண்டுச்சிதறு தங்கியிருப்போர் அவ்விடத்தை அழுத்தலாகாது. சலரோகத்தால் கை விறைத்தோர் மெதுவாகவே தொடுக. நெஞ்சுநோவும் இடக்கை நோவும் ஒருங்கே எழுந்தால் அழுத்திப் பார்த்திராது உடனே ஆஸ்பத்திரிக்கு விரைக. கிழமைக்கணக்காய்த் துயில் இல்லாதோரும், உயிரை மாய்க்கும் எண்ணம் எழுவோரும் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவை நாடுக. 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் உதவி கேட்கலாம். அதிலே வெட்கம் ஏதுமில்லை.

இளைஞர் கடன்

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி அமர்ந்தார்கள். ஆண்டுகள் பல சென்றன. விடை காணாமலே சிலர் கண் மூடினர். அக்கைகள் கேட்பது உண்மையை. கையைப் பிடித்துவிட்டு அவ்வுண்மைக்கு ஈடுசெய்ய இயலாது என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஆறுதல் நீதிக்குப் பதிலாகாது; நீதி வருங்காறும் உயிரையும் உறுதியையும் தாங்கி நிற்க ஆறுதல் வேண்டும்.

ஆகவே, இளைஞர்களே! வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் கைகள், வெள்ளம் வந்தால் சாக்கிலே மண் நிரப்பும் கைகள் நம்மிடம் உண்டு. அக்கைகளுக்கு இன்னொரு பணியையும் கொடுப்போம். வாரத்தில் ஒரு மாலை, நம் ஊரில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் செல்வோம். எண்ணெய்ப் போத்தல் ஒன்று போதும். அவர் கையை எடுத்து நம் கையில் வைத்துக்கொண்டு, அவர் பேசினால் கேட்போம். பேசாவிட்டால் உடன் இருப்போம். அவர் குளிசையை ஒழுங்காய் எடுக்கிறாரா என்றும் பார்ப்போம். பொய்ம்மருந்து விற்போர் வந்தால் மெய்யை எடுத்துரைப்போம்.

வன்னி மண் பலமுறை வீழ்ந்தும் எழுந்த மண். அதனை எழுப்பிய கைகள் இன்று களைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றிக்கொள்ளுதல் நம் கடன்.